மொசார்ட்டின் முகம் மட்டும் ஏன் வெளுப்பாக இருக்கிறது?

ஆஸ்திரியா 2006-ல் வெளியிட்ட மொசார்ட் தங்க நாணயத்தின் படத்தை அனுப்பி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "முழுக்கத் தங்கம்தானே? முகம் மட்டும் வெளுப்பாகவும் பின்னணி கறுப்பாகவும் தெரிகிறதே, ஏதாவது பூசியிருக்கிறார்களா?"

எதுவும் பூசவில்லை. மொசார்ட் பிறந்த 250-வது ஆண்டுக்காக வியன்னா நாணயச்சாலை அடித்த 50 யூரோ நாணயம் அது. 22 மில்லிமீட்டர் அகலம், உள்ளே 10 கிராம் தங்கம். ஆயிரத்தில் 986 பங்கு தங்கம், மிச்சம் செம்பு. செம்பு எதற்கு என்பது நகை வாங்கும் எல்லோருக்கும் தெரியும்: உறுதிக்கு.

சூட்சுமம் எஃகு அச்சில் இருக்கிறது. அச்சின் சமதளத்தை வைரப் பொடியால் கண்ணாடிபோல் மெருகேற்றுவார்கள். முகம் வரவேண்டிய பள்ளத்தை மட்டும் நுண்துகள்களைப் பீய்ச்சியோ லேசரால் சுட்டோ சொரசொரப்பாக்குவார்கள். பிறகு மெருகேற்றிய தங்க வில்லையை வைத்து, ஒரே அடியில் விட்டுவிடாமல் மறுபடியும் அழுத்துவார்கள். தங்கம் உருகுவதில்லை, திடமாகவே நகர்ந்து பள்ளங்களுக்குள் புகுகிறது. அணு அடுக்குகள் உடையாமல் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கக்கூடியவை என்பதால், கண்ணுக்கே தெரியாத மேடுபள்ளம்கூட அப்படியே பதிந்துவிடும். எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

நாம் காணும் ஒளியின் அலைநீளம் சுமார் 400 முதல் 700 நானோமீட்டர். பரப்பின் மேடுபள்ளம் அதைவிட மிகச் சிறியதாக இருந்தால், விழுந்த ஒளி மொத்தமும் ஒரே திசையில் திரும்பும். அந்தத் திசையில் நம் கண் இல்லாவிட்டால் நமக்குத் தெரிவது அறையின் இருட்டுதான். சொரசொரப்பான முகமோ ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கிறது. எங்கிருந்து பார்த்தாலும் கொஞ்சம் கண்ணுக்கு வந்து சேரும். அதுதான் அந்த வெளுப்பு.

நண்பர் வீட்டில் அப்படி ஒரு நாணயத்தை விளக்கடியில் மெல்லச் சாய்த்துப் பார்த்தேன். ஒரு கோணத்தில் பின்னணி சட்டென்று பற்றி எரிவதுபோல் ஒளிர்ந்தது, முகம் மங்கிப்போனது. வெறும் பரப்பு செய்கிற வேலை இது! பரப்பு இயற்பியல் ஆய்வுக்கு இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

அப்புறம் ஒன்று. நகையைப்போல இதைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். துணியின் ஒரு கீறலே ஒளியின் அலைநீளத்தைவிட அகலமானது. கறுத்த பின்னணியில் அது வெள்ளைக் கோடாக நின்றுவிடும்.