ஃபெரோமோன் என்பது ‘இனக்கவர்ச்சி’ மட்டுமா?

திராட்சைத் தோட்டங்களில் ‘பூச்சிகளையும் சிலந்திப் பேன்களையும் இனக்கவர்ச்சிப் பொருளால் கண்காணித்தல்’ என்னும் தொடரை மொழிபெயர்ப்புகளில் பலமுறை படித்துவிட்டேன், இனியும் பொறுப்பதற்கில்லை. மூலத்திலுள்ள ‘ஃபெரோமோன்’ என்னும் சொல்லைத்தான் அங்கே ‘இனக்கவர்ச்சிப் பொருள்’ என்று பெயர்க்கிறார்கள்.

ஃபெரோமோன் என்னும் சொல்லை 1959இல் அறிவியலாளர்களான பீட்டர் கார்ல்சனும் மார்ட்டின் லூஷரும் ஆக்கினர். சுமத்தல், தூண்டுதல் என்னும் பொருளுடைய கிரேக்க வேர்கள் அதில் உள்ளன. ஓர் உயிர் உடலுக்கு வெளியே விட, அதே இனத்தின் இன்னோர் உயிர் அதை உணர்ந்து நடத்தையையோ வளர்ச்சியையோ மாற்றிக்கொள்ளும் பொருளே அது.

எறும்பு தடமிடுவதும் செடிச்சாறு உறிஞ்சும் அசுவினி ஆபத்தை அறிவிப்பதும் இத்தகைய பொருள்களால்தான். அங்கே ஆண் பெண் ஈர்ப்புக்கு இடமில்லை. உழவர் வழக்கிலுள்ள ‘இனக்கவர்ச்சிப் பொறி’ நல்ல சொல்; பெண் அந்துப்பூச்சியின் மணத்தால் ஆணை இழுத்து ஒட்டவைக்கும் பொறிக்கு அது முற்றும் பொருந்தும். அந்தப் பெயரையே எல்லாவற்றுக்கும் நீட்டுவதைத்தான் மறுக்கிறேன். ஐரோப்பியத் திராட்சை அந்துப்பூச்சியை அடக்க ஹெக்டேருக்கு ஏறக்குறைய 500 மணக்குப்பிகளைக் கொடிகளில் தொங்கவிடுகிறார்கள். காற்றெங்கும் பெண் பூச்சியின் மணம் பரவியிருப்பதால் ஆண் பூச்சி பெண்ணைக் கண்டடைய முடியாமல் அலைகிறது. கலிஃபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில் 2009இல் கண்டறியப்பட்ட இந்தப் பூச்சியை ஒழித்ததாக 2016இல் அறிவித்தார்கள். அதற்கு உதவிய வழிகளுள் இதுவும் ஒன்று. இதை ‘இனக்கவர்ச்சிக் கட்டுப்பாடு’ என்று பெயர்த்தால், பூச்சிகள் கவரப்பட்டு வந்து விழும் என்றுதான் படிப்பவர் எண்ணுவார். உண்மையில் கண்காணிப்புப் பொறி ஏறத்தாழ வெறுமையாகக் கிடப்பதே ஆண் பூச்சிக்கு ஏற்படுத்தும் இந்தக் குழப்பம் வேலை செய்வதன் அறிகுறி. இதற்கு ‘இணைசேர் குழப்பம்’ என்பதே தெளிவான பெயர்.

ஃபெரோமோனுக்குப் பொதுச்சொல்லாக ‘புற இயக்குநீர்’ எனலாமே என்பாருக்கு ஒரு விடை உண்டு: ஹார்மோனாகிய இயக்குநீர் உடலுக்குள்ளேயே வேலை செய்வது என்பதால்தான், முன்பு வழங்கிய ‘வெளி ஹார்மோன்’ என்னும் பெயரைக் கைவிட்டுக் கார்ல்சனும் லூஷரும் புதுச்சொல் படைத்தார்கள். அவர்கள் கைவிட்ட பிழையை நாம் தமிழில் மீட்டெடுக்க வேண்டியதில்லை. ‘உணர்த்துநீர்’ என்றால் இயக்குநீரோடு உறவும் விளங்கும், வேறுபாடும் விளங்கும்.

சிலந்திப் பேனையோ இந்தப் பொறிகளில் தேடவே கூடாது. எட்டுக் கால் கொண்ட அது பூச்சியுமன்று. இலையைத் திருப்பி, உருப்பெருக்கியால் பார்த்து, அதை உண்ணும் நன்மைப் பேன்களையும் சேர்த்து எண்ண வேண்டும். மூலத்தில் பூச்சியும் சிலந்திப் பேனும் ஒரே தலைப்பில் வந்தாலும், எது எதற்கு என்று கேட்டறியாமல் மொழிபெயர்ப்பாளர் எழுதக் கூடாது.