பாட்டியின் எச்சிலில் குடியிருக்கும் கிருமி

செந்தூலில் இருக்கும் என் அம்மாவுக்கு 71 வயது. சளி, இருமல் எதுவும் கிடையாது. காலையில் பசாருக்கு நடந்தே போய் மீன் வாங்கி வருவார், பாலர் பள்ளி விட்டு வரும் பேரனுக்குச் சோறு ஊட்டிவிட்டு, அவன் மிச்சம் வைத்ததை அதே கரண்டியால் வழித்துச் சாப்பிடுவார். இப்படித் திடமாக இருப்பவர் தொண்டையிலும் நியூமோகாக்கஸ் என்ற கிருமி சத்தமில்லாமல் குடியிருக்கலாம். சின்னப் பிள்ளைகளின் மூக்குதான் அதற்குப் பிடித்த இடம், அங்கிருந்து பெரியவர்களுக்குத் தாவும். பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. ஆனால் நுரையீரலுக்கோ ரத்தத்துக்கோ இறங்கிவிட்டால் வயதானவர்களுக்கு உயிருக்கே ஆபத்து.

சரி, எப்படித் தேடுகிறார்கள்? கோவிட் சமயத்தில் மூக்கில் விட்டுக் கண் கலங்க வைத்தார்களே, அதே மாதிரி குச்சிதான். அதில் ஒட்டியதை ரத்தம் கலந்த, கிருமி வளர்க்கும் தட்டில் தேய்த்து 37 டிகிரி சூட்டில் வைத்தால், மறுநாள் நடுவில் குழி விழுந்த குட்டிப் புள்ளிகள் தெரியும், அவற்றைச் சுற்றி ரத்தச் சிவப்பு வெளிறிப் பச்சையாகியிருக்கும். வாயில் சாதாரணமாக வாழும் வேறு கிருமிகளும் இதே பச்சையைக் காட்டும் என்பதால், ஆப்டோச்சின் என்ற கிருமிக்கொல்லி மருந்து தோய்த்த சின்ன வட்டத் தாளை வைத்துப் பார்க்கிறார்கள். நியூமோகாக்கஸ் என்றால் தாளைச் சுற்றி வளராது.

பிள்ளைகளுக்கு இது போதும். முதியவர்களிடம் கிருமி ரொம்பக் குறைவாக இருக்கும், தட்டில் பல நேரம் தட்டுப்படாமலே போய்விடும். அங்கேதான் எச்சில் கைகொடுக்கிறது. இது புதுசும் இல்லை. அமெரிக்க ராணுவ மருத்துவர் ஜார்ஜ் ஸ்டெர்ன்பெர்க், நலமாக இருந்த தன்னுடைய எச்சிலையே முயலுக்குச் செலுத்தித்தான் இந்தக் கிருமியைக் கண்டார், அதை 1881இல் வெளியிட்டார்.

இப்போது முயல் வேண்டாம். ஜென்டாமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து கலந்த தட்டில் எச்சிலை வளரவிட்டால் மற்ற பல கிருமிகள் அடங்கிவிடும். அப்புறம் தட்டில் முளைத்ததை மொத்தமாகச் சுரண்டி எடுத்து, டிஎன்ஏவைப் பிரித்து பிசிஆர் செய்கிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் தேடும் துண்டு இரட்டிப்பாகும், 30 சுற்றில் ஒன்று நூறு கோடியைத் தாண்டும். தேடுவது லிட்ஏ என்ற மரபணுவை. ஆனால் வாயில் வாழும் அதன் பங்காளிக் கிருமிகளிடமும் அதே சாயலில் மரபணு இருப்பதால் அதை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம், அதனால் பியாபி என்ற இன்னொன்றும் சேர்ந்து தெரிந்தால்தான் 'இருக்கிறது' என்று சொல்வது நல்லது.

மலேசியாவில் 2020 டிசம்பரிலிருந்து குழந்தைகளுக்கு அரசாங்கமே இதற்குத் தடுப்பூசி போடுகிறது. ஆனால் இந்தக் கிருமியில் நூறு வகைக்கு மேல் உண்டு, ஊசி தடுப்பது சிலவற்றைத்தான். மிச்சத்தில் எது பாட்டி தாத்தாக்களிடம் தங்குகிறது என்று பார்க்க ஆய்வுக்காரர்கள் வந்தால், குச்சி என்றதும் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒரு குப்பியில் துப்பச் சொன்னால் தாராளமாகத் துப்புவார்.