இசேகாய்: மறுவுலகம் அல்ல, வேற்றுலகம்

சாதாரண ஆள் ஒருவர் திடீரென்று முன்பின் தெரியாத உலகில் போய் விழும் ஜப்பானியக் கதைவகை இசேகாய். இதை 'மறுவுலகக் கதை' என்று தமிழில் எழுதுவது பெருகிவருகிறது. பொருளையே கெடுக்கும் பெயர்ப்பு இது.

சொல்லின் பிறப்பு எளிது. 'இ' என்றால் வேறு, 'செகாய்' என்றால் உலகம். பௌத்தர்களின் 'லோகதாது'வைச் சீனத்தில் பெயர்த்தபோது உண்டான சொல்தான் ஜப்பானியத்தில் செகாய் ஆனது. 2024இல் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியும் இசேகாயைச் சேர்த்துக்கொண்டது. சாவோ மறுபிறப்போ அந்தச் சொல்லுக்குள் இல்லை.

'மறு'வோ உலகத்தோடு சேர்ந்தால் சாவைத்தான் சொல்லும். 'மறுமையும் இம்மையும் இன்பம் தரும்' என்ற குறள் (98) பழக்கிய காது நமது. மறுகரை, மறுபக்கம் இல்லையா என்று கேட்கலாம். அங்கே இருப்பவை இரண்டே பக்கம். குமரி மாவட்டத்துக் குழித்துறையில் இக்கரை நின்றால் தாமிரபரணியின் மறுகரை கண்ணுக்குத் தெரியும். இசேகாயில் அப்படித் தெரிகிற கரை கிடையாது.

கெடுதல் எங்கே என்றால், வந்து விழுந்தவர் முதலில் கேட்பதே 'நான் செத்துட்டேனா?' என்றுதான். தலைப்பிலேயே மறுவுலகம் என்று போட்டுவிட்டால் அந்தக் கேள்விக்கு உயிர் ஏது? இசேகாய்க்குள் 'தென்செய்' உண்டு, 'தென்இ' உண்டு. முன்னது மறுபிறப்பு: குழந்தை உடம்பு, புதுப் பெற்றோர், மொழியைப் பிள்ளையாகவே கற்கலாம். பின்னது பெயர்வு: அதே உடம்பு, உடுத்த துணி, வாயில் பழைய மொழி, பசி. இவர் முதலில் தேடவேண்டியது குடிதண்ணீர். பிறகு ஒதுங்க இடம். பேச்சு புரியும்வரை கைச்சாடை. கரையின் இரண்டு அடையாளங்களை நேர்கோட்டில் வைத்துக் கணியம் பார்க்கும் குமரி மீனவர் வழிதப்பினாலும், மலைமுகடு மீண்டும் கண்ணில்படும் என்று நம்பலாம். பெயர்ந்தவருக்கு வானத்து மீன்கூடப் பழகியதாக இருக்காது. இரண்டு பேரின் திகைப்பும் ஒன்றல்ல. இருவரையும் 'மறு'வில் அடைத்தால் இந்த வேறுபாடு செத்துப்போகும்.

'அயலுலகம்' என்று சிலர் சொல்வது அதைவிட மேல். ஆனால் அயல் என்றால் அடுத்தது, பக்கத்தது. விளவங்கோடு பக்கம் அயலத்துக்காரர் என்றால் வேலிக்கு அப்புறம் இருப்பவர். அவசரத்துக்குத் தேங்காய் கடன் வாங்கலாம். அத்தனை நெருக்கம் இங்கே ஆகாது.

சரியான சொல் நம்மிடமே இருக்கிறது: வேற்றுலகம். ஆறு + நீர் ஆற்றுநீர் ஆவதுபோல, வேறு + உலகம் வேற்றுலகம். வேற்றாள், வேற்றூர் என்று வழங்கும் எவருக்கும் விளக்கம் வேண்டாம். பழக்கமின்மையும் அச்சமும் சொல்லிலேயே ஒட்டியிருக்கின்றன. வேற்றுக்கிரகத்தோடு குழம்பும் என்ற மறுப்பும் நிற்காது. கிரகம் நம் வானத்துக்குள் இருப்பது, போய்ச்சேர வழி உண்டு. உலகம் என்றால் வானமே வேறு.

தென்இயை 'இடமாற்றம்' என்று பெயர்ப்பவர்களும் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். இடமாற்றம் ஆசிரியருக்கும் தாசில்தாருக்கும் ஆணையோடு வருவது, சேரும் நாளும் குறித்திருக்கும். 'வேற்றுலகப் பெயர்வு' என்று எழுதுங்கள். தென்செய்க்கு 'வேற்றுலகப் பிறப்பு'.