நைட்: குதிரைச் சேவகன்

இடைக்கால ஐரோப்பியக் காதல் கதைகளைத் தமிழில் எழுதும்போது ‘நைட்’ (knight) என்ற சொல் இடறும். அப்படியே எழுதினால் இரவு என்றுதான் காதில் விழும். ‘மாவீரன்’ என்றால் வீரம் மட்டும் மிஞ்சும், முக்கியமானது விட்டுப்போகும்.

பழைய ஆங்கிலத்தில் இது ‘க்னிஹ்ட்’. பொருள் பையன், ஏவலாள். இதற்கு உறவான ஜெர்மன் சொல் ‘க்னெஹ்ட்’ இன்றும் வேலையாளையே குறிக்கிறது. வடக்குப் பிரான்சிலிருந்து வந்த நார்மானியர் 1066இல் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பிரபுவுக்காகக் குதிரையேறிப் போரிடுபவனுக்கு இந்தப் பெயர் நிலைத்தது. பிரெஞ்சில் அவன் ‘ஷெவாலியே’. குதிரையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. சிவாஜி கணேசன் பெற்ற செவாலியே விருதும் இதே சொல்தான்.

ஆக, நைட் என்பவன் முதலில் ஊழியன். ஒரு தலைவனுக்கு வாக்குக் கொடுத்தவன். அவனுடைய காதல் தடைப்பட்ட காதலாவதற்கு அந்த வாக்கும் ஒரு காரணம். 13ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு உரைநடைக் கதையில் வரும் கலேயோவைப் பாருங்கள். பிரிட்டனின் கதைகளில் வரும் அரசன் ஆர்தரின் நாட்டைப் பிடிக்கப் படையோடு வந்தவன், எதிரணியில் கறுப்புக் கவசத்தோடு போரிடும் லான்சலட் என்ற நைட்டைக் கண்டு மனத்தைப் பறிகொடுக்கிறான். தன் கூடாரத்தில் தங்கும்படி வேண்டுகிறான். லான்சலட் கேட்ட ஒரே வரத்துக்காக, வெற்றி கைக்கு வந்த நேரத்தில் ஆர்தர் முன் மண்டியிடுகிறான். லான்சலட்டின் மனமோ ஆர்தரின் மனைவி குவினவியரிடம். அவர்களைச் சேர்த்துவைப்பவனும் கலேயோவே! பிறகு, லான்சலட் இறந்துவிட்டான் என்ற பொய்ச் செய்தி கேட்டு, உண்ணாமல் உருகி உயிர்விடுகிறான். பின்னாளில் இருவரும் ஒரே கல்லறையில் வைக்கப்படுகிறார்கள். இதை வெறும் நட்பு என்று கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘குதிரைவீரன்’ படைப்பிரிவைத்தான் சொல்கிறது. ‘சேவகன்’ என்ற சொல்லில் ஊழியன், வீரன் என்ற இரண்டு பொருளும் உண்டு. தமிழ் பைபிளின் ‘போர்ச்சேவகர்’ அப்படி வந்ததுதான். மாணிக்கவாசகருக்காகப் பாண்டியனிடம் குதிரைகளோடு வந்த சிவனைக் ‘குதிரைச் சேவகன்’ என்றே சொல்கிறோம். குதிரை, ஊழியம், வீரம் மூன்றும் அதில் இருக்கின்றன. கதைக்குள் இதையே எழுதலாம். பெயருக்கு முன்னால் வரும் பட்டத்துக்கு மட்டும் பழகிப்போன ‘சர்’ போதும்: சர் லான்சலட்.