ஏறாமல் இறங்க வேண்டிய கார்

தமிழில் காரில் 'ஏறு'கிறோம். பஸ், ரயில், மாட்டு வண்டி எதுவானாலும் ஏறுவதுதான். ஊர் வந்ததும் இறங்குவோம். 1947 டிசம்பரில் டெட்ராய்ட் நகரத்து ஹட்சன் நிறுவனம் வெளியிட்ட குடும்பக் காருக்கு மட்டும் இந்தச் சொல் பொருந்தாது. கதவைத் திறந்தால் வாசல்படி போல அகலமான ஒரு விளிம்பு. அதைத் தாண்டிக் காலை உள்ளே வைத்தால், தரை இன்னும் கீழே இருக்கும். பழைய வீடுகளில் தாழ்வாரத்திலிருந்து முற்றத்துக்கு இறங்குவோமே, அப்படி. விற்றவர்களும் அதையே பெயராக்கிவிட்டார்கள்: 'ஸ்டெப்-டவுன்' ஹட்சன்.

அது எப்பேர்ப்பட்ட புதுமை என்று புரிய, அன்றைய மற்ற கார்களைப் பார்க்க வேண்டும். போருக்காக 1942 பிப்ரவரியில் அமெரிக்காவில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நிறுத்தப்பட்டது. 1945இல் மறுபடி தொடங்கியபோது, பெரிய கம்பெனிகள் பெரும்பாலும் 1942ஆம் ஆண்டு காரையே முகப்புக் கம்பியை மாற்றி, கொஞ்சம் குரோமியம் பூசி விற்றன. அதுவும் போட்டி போட்டுக்கொண்டு விற்றது. மூன்று ஆண்டுகளுக்கு மேல் புதுக் காரே பார்க்காத ஜனம், கிடைத்ததை வாங்கியது.

அந்தக் கார்களின் கட்டுமானம் நம் லாரியைப் போன்றது. அடியில் ஏணி மாதிரி ஒரு சேசிஸ்: இரண்டு நீளமான இரும்புச் சட்டங்கள், நடுவே குறுக்குச் சட்டங்கள். அதன் மேல் கூண்டைத் தூக்கி வைத்து போல்ட் போடுவார்கள். செய்வது எளிது, பழுது பார்ப்பதும் எளிது. ஆனால் தரை எங்கே வரும்? சட்டத்துக்கு மேலே. தரைக்கு மேல் சீட், சீட்டுக்கு மேல் தலை, தலைக்கு மேல் கூரை. வண்டி உயரமாகத்தான் இருக்க முடியும். கூரையை மட்டும் தாழ்த்தினால் உட்கார்ந்திருப்பவர் தலை இடிக்கும்.

ஃபிராங்க் ஸ்பிரிங் தலைமையிலான ஹட்சன் வடிவமைப்புக் குழு கூரையை விட்டுவிட்டுத் தரையைப் பிடித்துக்கொண்டது. நீளச் சட்டங்களைப் பயணிகளின் காலுக்கு அடியிலிருந்து எடுத்து, வண்டியின் இரு ஓரங்களுக்குத் தள்ளியது. பின்பக்கம் அவை சக்கரங்களுக்கும் வெளியே சுற்றிப் போகும். சட்டங்களுக்கு நடுவே கிடைத்த பள்ளத்தில் தரையை இறக்கியாயிற்று. கதவோரத்தில் நாம் தாண்டும் அந்த விளிம்பு, உண்மையில் ஓரத்துக்குத் தள்ளப்பட்ட சட்டம்தான். அப்புறம் கூரை, தூண், தரை, சட்டம் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று வெல்டிங் செய்து ஒரே கூடாக்கினார்கள். இதற்கு 'மோனோபில்ட்' என்று பெயர். காலித் தீப்பெட்டியின் அடித்தட்டை மட்டும் வெட்டி எடுத்து முறுக்கிப் பாருங்கள், வளையும். முழுப் பெட்டியாக முறுக்கினால் அவ்வளவு சுலபத்தில் வளையாது. பாரத்தைத் தாங்கும் வேலையைப் பெட்டியின் எல்லாப் பக்கங்களும் பகிர்ந்துகொள்கின்றன.

கார் சுமார் 5 அடி உயரத்தில் முடிந்தது. நடுத்தர உயரமுள்ள ஆள் பக்கத்தில் நின்றால் கூரைக்கு மேலாக எதிர்ப்பக்கத்தைப் பார்க்கலாம். உள்ளே ஆறு பேர் தாராளமாக உட்காரலாம். படத்தில் பார்த்தால் சோப்புக் கட்டி மாதிரி வழவழவென்று இருக்கும். எனக்கு அந்த உருவம் பிடிக்கும். ஆனால் அதன் உண்மையான லாபம் வளைவில் திரும்பும்போதுதான் தெரியும்.

வண்டி இடப்பக்கம் திரும்பினால் நம் உடல் வலப்பக்கம் சாய்கிறது அல்லவா? வண்டியின் எடைக்கும் அதே கதி. டயர் தரையைப் பிடித்து உள்பக்கம் இழுக்கிறது. மேலே இருக்கும் எடையோ நேராகவே போகப் பார்க்கிறது. அதனால் உள்பக்கச் சக்கரங்களின் பாரம் குறைந்து, வெளிப்பக்கச் சக்கரங்களில் ஏறுகிறது. எவ்வளவு ஏறும் என்பது ஈர்ப்பு மையத்தின் உயரத்தைப் பொறுத்தது. சக்கரங்களுக்கு இடையே 150 செ.மீ. அகலம், ஈர்ப்பு மையம் 60 செ.மீ. உயரத்தில் என்று ஒரு வண்டியை வைத்துக்கொள்வோம். அதை 50 செ.மீ.க்கு இறக்கினால், அதே வளைவில் அதே வேகத்தில் இடம் மாறும் பாரம் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். இதில் இன்னொரு நுணுக்கம்: ஒரு டயரின் மேல் பாரத்தை இரட்டிப்பாக்கினால் அதன் பிடி இரட்டிப்பாவதில்லை, அதைவிடக் குறைவாகத்தான் கூடும். ஆகவே பாரம் நான்கு டயர்களிலும் எவ்வளவு சமமாக இருக்கிறதோ, மொத்தப் பிடி அவ்வளவு அதிகம். தாழ்ந்த ஹட்சன் கவிழாமல் இருந்ததோடு, மற்ற கார்கள் வழுக்கிய வளைவில் வழுக்காமலும் போனது.

1951இல் வந்த ஹார்னெட் என்ற மாடல் இதைப் பந்தயத்தில் நிரூபித்தது. அதன் எஞ்சின் பழைய பாணி: ஆறு சிலிண்டர், வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்திலேயே. போட்டியாளரான ஓல்ட்ஸ்மொபைல் 1949லேயே வால்வுகளைத் தலைக்கு ஏற்றிய நவீன வி-8க்கு, அதாவது எட்டு சிலிண்டர்கள் 'V' வடிவில் நிற்கும் எஞ்சினுக்குப் போயிருந்தது. ஹட்சனிடம் இருந்தது கொள்ளளவு, சுமார் 5 லிட்டர், 145 குதிரைத்திறன். 1951 பிப்ரவரியில் டேடோனாவில், பாதி கடற்கரை மணலும் பாதி தார்ச்சாலையுமான பாதையில் மார்ஷல் டீக் அதை ஓட்டி ஜெயித்தார். 1952இல் அமெரிக்கக் கார்ப் பந்தய அமைப்பான நாஸ்கார் நடத்திய 34 பெரிய பந்தயங்களில் 27 ஹட்சனுக்கே. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் குடும்பத்தை ஏற்றிப் போகும் வண்டி இது என்பதை நினைவில் வையுங்கள்.

அந்த ஆண்டு வந்த 'ட்வின்-எச்' ஏற்பாட்டில் இரண்டு கார்புரேட்டர்கள், அதாவது பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கருவிகள். வரிசையாக நிற்கும் ஆறு சிலிண்டர்களுக்கு நடுவில் ஒரே கார்புரேட்டர் இருந்தால், பந்தியில் சாம்பார் வாளி கடைசி இலைக்கு வரும் கதைதான். ஓரத்துச் சிலிண்டர்களுக்குப் பெட்ரோல் கலவை சரியாகப் போய்ச் சேராது. இரண்டு வைத்தால் ஒவ்வொன்றும் மூன்றை மட்டும் கவனித்தால் போதும்.

ஹட்சனில் எனக்கு மிகவும் பிடித்தது பிரேக். அன்றைய ஹைட்ராலிக் பிரேக்கில் பொதுவாக எல்லாச் சக்கரங்களுக்கும் ஒரே எண்ணெய் இணைப்புதான். எங்காவது கசிந்தால் பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. ஹட்சனில் பெடல் அளவுக்கு மீறி இறங்கினால், அது ஒரு கம்பியை இழுத்துப் பின்சக்கரப் பிரேக்கைப் பிடிக்கும். ஓட்டுபவர் எதுவும் யோசிக்க வேண்டாம். பதறிப்போய் இன்னும் அழுத்துவார், அந்தப் பதற்றமே வண்டியை நிறுத்திவிடும்.

சரி, இவ்வளவு நல்ல கார் ஏன் நிலைக்கவில்லை? அதே ஒற்றைக் கூடுதான் காரணங்களில் பெரியது. சேசிஸ் மேல் கூண்டு வைக்கும் கம்பெனி, அடியைத் தொடாமல் மேலே மட்டும் மாற்றி ஆண்டுக்கு ஆண்டு புது முகம் காட்டலாம். ஹட்சனில் கூரையின் வளைவும் தூணும் பாரம் தாங்குபவை. தொட்டால் முழுக் கணக்கையும் திரும்பப் போட வேண்டும், தகட்டை அழுத்தி வடிவமாக்கும் அச்சுகளைத் திரும்பச் செய்ய வேண்டும். சிறிய கம்பெனிக்கு அது கட்டுப்படியாகாது. 1948இல் பார்த்தவர்கள் வாய் பிளந்த உருவம், 1953இல் பார்த்தவர்களுக்குப் பழசு. இருந்த பணத்தையும் ஜெட் என்ற சின்னக் காரில் போட்டார்கள். அது உயரமாக, சப்பென்று இருந்தது, யாரும் சீந்தவில்லை.

1954 மே மாதம் ஹட்சன், நாஷ் நிறுவனத்தோடு இணைந்து அமெரிக்கன் மோட்டார்ஸ் ஆனது. அக்டோபர் இறுதியில் டெட்ராய்ட் ஆலையில் உற்பத்தி நின்றது. பிறகு வந்த 'ஹட்சன்'கள் விஸ்கான்சினில் நாஷ் கூட்டின் மேல் பெயர் ஒட்டியவை. 1957இல் அந்தப் பெயரும் போயிற்று. அதே 1957 மாடல் ஃபோர்டில் சேசிஸ் சட்டங்கள், பசுவின் வயிறு போல நடுவில் வெளிப்பக்கமாக வளைந்திருந்தன. காலடித் தரையை அவற்றுக்கு நடுவே இறக்குவதற்காக.