டிபேஸ்மென்ட்: மாற்றுக் குறைந்த காசு

‘டிபேஸ்மென்ட்’ என்ற சொல்லைப் பலர் ‘நாணய மதிப்பிறக்கம்’ என்று எழுதிவிடுகிறார்கள். அது வேறு சங்கதி. டிபேஸ்மென்டில் காசின் மேல் சொல்லப்படும் மதிப்பு அப்படியே இருக்கும். காசுக்குள் இருக்கும் வெள்ளிதான் குறையும்.

இதில் வரும் ‘பேஸ்’ அடித்தளம் என்ற பொருளுள்ள ‘பேஸ்’ இல்லை. அது கிரேக்கத்திலிருந்து வந்தது. இது தாழ்ந்தது, குட்டையானது என்ற பொருளில் பிற்கால லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. ஆகவே ‘பேஸ் மெட்டல்’ அடிப்படை உலோகம் அல்ல, மட்ட உலோகம்.

தமிழில் புதுச்சொல் தேட வேண்டியதே இல்லை. பத்தரை மாற்றுத் தங்கம் என்கிறோமே, அந்த ‘மாற்று’ பொன், வெள்ளியின் தரத்தைக் குறிப்பது. ‘மாற்றுக் குறைப்பு’ என்றால் தீர்ந்தது. ‘கலப்படம்’ என்றும் சொல்லலாம்தான். ஆனால் கலப்படக்காரன் ஒளிந்து செய்வான். அரசே பறைசாற்றிச் செய்ததற்கு அந்தச் சொல் போதாது.

அப்படிப் பறைசாற்றிச் செய்த இடம் அயர்லாந்து. அதைத் தன் ஆளுகையில் வைத்திருந்த இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றி 1534 வாக்கில் அந்நாட்டுக்கென்று யாழ் சின்னம் போட்ட வெள்ளிக் காசுகளை வெளியிட்டார். யாழின் இரு பக்கமும் அவர் பெயரின் முதல் எழுத்தும் ராணி பெயரின் முதல் எழுத்தும் இருக்கும். ராணி மாற மாற எழுத்து மாறியது. கூடவே வெள்ளியின் மாற்றும் படிப்படியாக இறங்கியது.

உச்சம் 1601. அயர்லாந்துத் தலைவர் ஹியூ ஓ’நீலின் கிளர்ச்சியை அடக்க, இங்கிலாந்து ராணி முதலாம் எலிசபெத்தின் படை அங்கே சம்பளத்துக்குக் காத்திருந்தது. நல்ல வெள்ளியை அனுப்பினால் அது கிளர்ச்சிக்காரர் கைக்குப் போய் வெளிநாட்டு ஆயுதமாகத் திரும்பும் என்பது லண்டனின் வாதம். அதனால் கால் பங்கு வெள்ளி, முக்கால் பங்கு மட்ட உலோகம் என்று காசு அடித்து அனுப்பினார்கள். இந்த மாதிரிக் காசு புதிதில் வெள்ளி போலவே பளபளக்கும். நாலு கை மாறினால் முகத்தின் மேடான இடங்களில் செம்பு எட்டிப் பார்க்கும். ஹென்றியின் ஆங்கிலக் காசுகளில் முதலில் தேய்ந்தது மூக்கு. ‘செப்பு மூக்கன்’ என்றே அவருக்குப் பட்டப்பெயர் வந்தது.

இந்தக் காசை வாங்க மாட்டேன் என்று வியாபாரி சொல்ல முடியுமா? அயர்லாந்தின் டிரோகெடா ஊர் வியாபாரி பிரெட், லண்டன் வியாபாரி கில்பர்ட்டுக்கு 100 பவுண்டு தரவேண்டியிருந்தது. பத்திரம் எழுதியது 1601 ஏப்ரல். புதுக்காசு அறிவிப்பு வந்தது மே மாதம். பிரெட் மட்டக் காசை நீட்டினார். ‘கலப்புக் காசு வழக்கு’ என்று சட்டநூல்கள் சொல்லும் இதன் தீர்ப்பில் பிரெட் ஜெயித்தார்: எது பணம், அதன் மதிப்பு என்ன என்பதை அரசரே தீர்மானிப்பார். கில்பர்ட் வயிற்றெரிச்சலை யார் கேட்டார்கள்!

அப்புறம் 1689-ல் இங்கிலாந்து அரசராக இருந்த இரண்டாம் ஜேம்ஸ். பட்டம் பறிபோய் அயர்லாந்தில் படை திரட்டியவரிடம் வெள்ளியே இல்லை. பழைய பீரங்கி, உடைந்த மணி, அடுக்களைப் பாத்திரம் எல்லாம் உருகி டப்ளினிலும் லிமெரிக்கிலும் காசாயின. ஆங்கிலத்தில் ‘கன் மணி’. நாம் பீரங்கிக் காசு என்போம். காசில் வருடத்தோடு மாதமும் உண்டு. வருடம் மார்ச் 25-ல் பிறந்த காலம் அது. அதனால் ‘ஜனவரி 1689’ என்ற காசு ‘டிசம்பர் 1689’ காசுக்குப் பின்னால் வந்தது.

போர் முடிந்ததும் நல்ல காசாக மாற்றித் தருவோம் என்பது ஜேம்ஸின் வாக்கு. சரியாகச் சொன்னால் இதை மாற்றுக் குறைப்பு என்பதுகூடப் பொருந்தாது. மாற்றுப் பார்க்க வெள்ளி இருந்தால்தானே! பித்தளையில் அடித்த கடன் சீட்டு என்பதே தகும்.

1690 ஜூலையில் பாய்ன் ஆற்றங்கரைப் போரில் ஜேம்ஸ் தோற்றார். டப்ளினைப் பிடித்த இங்கிலாந்தின் புது அரசர் வில்லியம், 30 பென்சுக்கு ஓடிய பெரிய அரைக்கிரவுன் பீரங்கிக் காசை ஒரே பென்னி ஆக்கினார். காசின் உலோகத்தை யாரும் தொடவில்லை, ஆணை மட்டும் மாறியது. மதிப்பிறக்கம் என்ற சொல் இந்த இடத்துக்குத்தான். 1691 பிப்ரவரியில் அந்த ஒரு பென்னியும் போய், அது செல்லாக்காசு ஆனது.