மொபேசு: பச்சையா, பசுமையா?

ஆப்பிரிக்காவின் லிங்காலா மொழியின் நிறப்பெயர்களைத் தமிழில் எழுதுகிறவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் வழுக்குகிறார்கள்: ‘மொபேசு – பசுமை நிறம்’. ஒருமுறை கண்ணில் பட்டால் கைப்பிழை என்று விட்டுவிடலாம். ஒருவரைப் பார்த்து இன்னொருவர் எடுத்தெழுதி, கடைசியில் அதுவே சரி என்று நிலைத்துவிடும் போலிருக்கிறது.

அடிப்படையை முதலில் முடித்துவிடுகிறேன். லிங்காலா, பாண்டு மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. காங்கோ ஆற்று வணிகத்தில் புழங்கிய பொபாங்கி மொழியிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிளைத்தது. இன்று காங்கோ ஜனநாயகக் குடியரசின் நான்கு தேசிய மொழிகளில் ஒன்று; தலைநகர் கின்ஷாசாவின் தெருமொழி. ஆட்சிமொழி பிரெஞ்சு. நிறத்துக்குப் பொதுச்சொல் ‘லாங்கி’. சுவாஹிலியின் ‘ராங்கி’யே அது, அதற்கும் முந்தைய ஊற்று பாரசீகத்தின் ‘ரங்’. நம் ரங்கோலிக்குள் இருக்கும் ‘ரங்’ இதற்குத் தூரத்துச் சொந்தம்.

பெம்பே வெள்ளை, மொயிண்டோ கறுப்பு, மொத்தானே சிவப்பு. நீலத்துக்குப் பிரெஞ்சிலிருந்து வந்த ‘புலே’. ‘எலம்பா யா மொத்தானே’ என்றால் சிவப்புத் துணி. நடுவில் நிற்கும் ‘யா’வையும் விட மனமில்லாமல் ‘சிவப்பின் துணி’ என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அந்த ‘யா’ செய்கிற வேலையைத் தமிழில் ஒரு ‘த்’ செய்துவிடும்.

மொபேசுவுக்கு வருவோம். இது பிறவியிலேயே நிறப்பெயர் மாதிரி நடந்துகொள்ளாத சொல். ‘நியாமா யா மொபேசு’ என்றால் வேகவைக்காத இறைச்சி. ‘ம்பிசி யா மொபேசு’ என்றால் காயவைக்காத, உப்பிடாத மீன். பழுக்காத காயும் மொபேசுதான். பறித்த ஈரம் போகாத இலையும் அதுதான். அந்த இலையின் வழியாகத்தான் பச்சை என்ற நிறப்பொருளும் வந்து ஒட்டிக்கொள்கிறது.

இந்த வரிசையைத் தமிழ்க் காதோடு கேட்டால் விடை தானாக வருகிறது. பச்சை இறைச்சி, பச்சை மீன், பச்சைக்காய், பச்சிலை. எல்லாவற்றுக்கும் நம்மிடம் ஒரே சொல் இருக்கிறது. வேறொரு கண்டத்தில் இருக்கும் ஒரு மொழியோடு இவ்வளவு அச்சாகப் பொருந்துவது அபூர்வம். அதைக் கையில் வைத்துக்கொண்டு ‘பசுமை நிறம்’ என்று எழுத எப்படித்தான் மனம் வருகிறதோ!

பசுமைக்காரர்களின் வாதம் எனக்குத் தெரியும். பச்சை பேச்சுவழக்கு, பசுமை செந்தமிழ் என்பார்கள். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: பசு, பை, பச்சு எனத் திரியும் அடி. பைங்கிளியிலும் பச்சிலையிலும் பசும்பொன்னிலும் இருப்பது அதுவே. ஒன்று கொச்சை, மற்றது உயர்வு என்பதற்கு இலக்கணத்தில் இடமே இல்லை. இன்னொரு தரப்பு திருக்குறளைக் காட்டும். 660ஆம் குறளில் வரும் ‘பசுமட் கலம்’ சுடாத மண்பானை. ஆகவே ‘பசு’வுக்கும் பக்குவப்படாதது என்ற பொருள் உண்டே என்பார்கள். உண்டு. மறுக்கவில்லை. ஆனால் அது ‘பசு’ என்ற அடிக்கு உள்ள பொருள். ‘பசுமை’ என்று பண்புப்பெயராகிவிட்ட சொல் இன்று அந்த வேலையைச் செய்வதில்லை. மீன் சந்தையில் போய் ‘பசுமை மீன்’ கேட்டுப் பாருங்கள்! அதே சந்தையில் ‘பச்சை மீனா, கருவாடா?’ என்பது எல்லாருக்கும் புரிகிற கேள்வி. கின்ஷாசாவிலும் மொபேசு மீன் ஒரு பக்கம், ‘மகயாபு’ என்கிற உப்புமீன் இன்னொரு பக்கம்.

உண்மையில் பசுமை இப்போது வேறு வீட்டுக்குக் குடிபோய்விட்டது. பசுமைப் புரட்சி, பசுமை வீடு, பசுமை ஆற்றல் என்று மரமும் சுற்றுச்சூழலும் சம்பந்தப்பட்ட எதற்கும் அதைத்தான் கூப்பிடுகிறார்கள். ‘பசுமை இல்ல வாயு’வைப் போன்ற குழப்பம் வேறில்லை. பயிர் வளர்க்கும் கண்ணாடிக் கூடத்துக்குப் பசுங்குடில் என்று அழகான சொல் இருக்க, இந்த ‘பசுமை இல்ல’த்தை எழுத்தில் பார்க்கிறவர், பசுமையே இல்லாத வாயு என்றுதானே முதலில் படிப்பார்?

அப்புறம் இன்னொரு கூட்டம். இவர்கள் மொபேசுவை மூன்றாக வெட்டுகிறார்கள்: ‘சமைக்காத, புதிய, பச்சை நிறமான’. எங்கிருந்து வந்தது இந்த மூன்று? லிங்காலாவிலிருந்து இல்லை. நடுவில் ஓர் ஆங்கில அகராதி உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலத்துக்கு அங்கே மூன்று சொல் தேவைப்பட்டது, அவர்கள் போட்டார்கள். நமக்குத் தேவைப்படாததை ஏன் சுமக்க வேண்டும்? விளைவு, ‘ம்பிசி யா மொபேசு’ தமிழில் ‘புதிய மீன்’ ஆகிவிட்டது. புதிய மீன் என்றால் இதுவரை யாரும் பார்த்திராத இனம் என்று எண்ணத் தோன்றும். இடைமொழி வழியாகப் பெயர்ப்பதில் தப்பில்லை. எல்லாருக்கும் லிங்காலா வாய்க்காது. ஆனால் வந்து சேர்ந்த இடம் தமிழ் என்பதாவது நினைவிருக்க வேண்டும்.

அதற்காகத் தமிழ்ப் பச்சையின் எல்லா வேலையையும் மொபேசுவின் தலையில் கட்டிவிடக் கூடாது. பச்சைப் பொய்யை ‘மொபேசு’ போட்டு லிங்காலாவாக்க முயல வேண்டாம். பச்சை உடம்பு, பச்சைக் குழந்தை, பச்சையாகப் பேசுவது, இதெல்லாம் நம் சொந்தச் சொத்து.

அதேபோல, துணிக்கும் பெயிண்டுக்கும் பச்சை நிறம் சொல்ல வேண்டிய இடத்தில் கின்ஷாசாக்காரர் பிரெஞ்சின் ‘வெர்’ என்று சொல்லிவிட்டுப் போகலாம். அல்லது ‘மாய் யா பொண்டு’ என்பார். பொண்டு என்பது மரவள்ளி இலை. அதை உரலில் இடித்து, நெடுநேரம் வேகவைத்து, பனை எண்ணெய் சேர்த்துச் சமைப்பார்கள். அந்தச் சாற்றின் நிறம்தான் மாய் யா பொண்டு. இதை ‘பொண்டு நீர்’ என்று எழுதினால் யாருக்கும் விளங்காது. ‘கரும்பச்சை’ என்றால் இலையும் உரலும் காணாமல் போய்விடும். மயில்கழுத்து, மாந்தளிர், கிளிப்பச்சை, வெங்காயத்தோல் என்று புடவைக்கடையில் கூசாமல் கேட்கிற மொழி இது. ‘மரவள்ளிச்சாற்றுப் பச்சை’ என்று எழுதலாம். நீளமாக இருக்கிறது என்பவர்கள் ‘கீரைச்சாற்றுப் பச்சை’ என்று சுருக்கிக்கொள்ளட்டும், அதுவரை எனக்குச் சம்மதம்.